கனிம எண்ணெயில் தேறிய வடிவம் எஸ்டரில் 5 மைக்ரோநொடியில் முறிந்துவிட்டது: எங்கே தேடுவது?

தாமிரச்சுருள்

வணக்கம். இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. கேள்வி நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்யும் இடத்தில் 145 கிலோவோல்ட் வகுப்பு மின்மாற்றி ஒன்றை இயற்கை எஸ்டர் (தாவர எண்ணெயிலிருந்து எடுக்கும் மின்காப்புத் திரவம்) நிரப்பிக் கட்டினோம். வடிவம் புதிதல்ல. இதே சுருள், இதே லீட் கம்பி (சுருளிலிருந்து வெளியே வரும் இணைப்புக் கம்பி) அமைப்பு, இதே இடைவெளிகளோடு கனிம எண்ணெயில் பல மின்மாற்றிகள் சோதனையில் தேறிப் போயிருக்கின்றன. வாங்குபவர் தீப்பாதுகாப்பை நினைத்து எஸ்டர் கேட்டார். திரவத்தை மட்டும் மாற்றினோம்.

நிரப்புவதற்கு முன் திரவத்தின் முறிவு மின்னழுத்தத்தை (மின்காப்பு உடைந்து மின்சாரம் பாயும் அளவை) ஐஇசி 60156 என்ற பன்னாட்டுத் தர முறைப்படி பார்த்ததில், 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு அளவீடுகளின் சராசரி 75 கிலோவோல்ட். ஈரமும் வரம்புக்குள். பிறகு மின்னல் துடிப்புச் சோதனை. 390 கிலோவோல்ட் குறைமட்ட அலை சுத்தமாகப் போனது. அடுத்து 650 கிலோவோல்ட் முழு அலை, எதிர்மின் துடிப்பு. தொட்டிக்குள் 'தொம்' என்று ஓர் ஓசை, காலடியில் ஓர் அதிர்வு. அலைகாட்டியில் மின்னழுத்தம் சுமார் 5 மைக்ரோநொடியில் செங்குத்தாக விழுந்திருந்தது.

திறந்து பார்த்தோம். உயரழுத்த லீட் கம்பிக்கும் சுருளை இறுக்கிப் பிடிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே 90 மில்லிமீட்டர். அந்த இடத்தில் நிற்கும் பிரெஸ்போர்டு (அழுத்திய காகித அட்டை) தகட்டின் மேல் மரக்கிளை போலக் கரிக்கோடு. லீட் கம்பியின் காகித உறையில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை.

எண்ணெயை மறுபடி வடிகட்டி, கம்பிக்குக் கூடுதலாகக் காகிதம் சுற்றி, திரும்பச் சோதிக்கலாம் என்கிறார் மேலாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை.

வடிவமைப்பாளன்

மேலாளர் சொல்வதில் தவறில்லை. எஸ்டர் ஈரத்தை இழுக்கும் திரவம். நிரப்பும்போது குழாயில் நார்த்தூசி ஏதாவது சேர்ந்திருக்கலாம். கூடுதல் வடிகட்டலால் யாருக்கும் நட்டமில்லை. பல முறை தேறிய வடிவத்தின் மேல் உடனே பழி போடாதீர்கள்.

எண்ணெய்க்காரர்

வடிகட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது இந்த நோய்க்கு மருந்தல்ல.

60156 சோதனையில் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நொடிக்கு 2 கிலோவோல்ட் என்று ஏற்றுகிறீர்கள். 75ஐத் தொட 37 நொடி ஆகிறது. அந்த 37 நொடியில் எண்ணெயில் மிதக்கும் ஈர நார் ஒவ்வொன்றும் மெதுவாகப் புலம் வலுவாக உள்ள இடத்துக்கு நகர்ந்து, ஒன்றன் பின் ஒன்றாக வரிசை கட்டி, மின்வாய்களுக்கு நடுவே பாலம் போடும். கண்ணாடிக் கலத்தில் வெறுங்கண்ணால் பார்த்திருக்கிறேன். அழுக்கு எண்ணெய் என்றால் மீசை முளைத்தது போல இருக்கும். ஆகவே அந்த எண் எண்ணெயின் சுத்தத்துக்குச் சான்று. அதற்கு மேல் அதனிடம் எதுவும் கேட்கக் கூடாது.

மின்னல் துடிப்பு 1.2/50. உச்சத்துக்கு ஏற 1.2 மைக்ரோநொடி, பாதியாக இறங்க 50 மைக்ரோநொடி. உங்கள் 37 நொடியோடு ஒப்பிட்டால் ஏழரை லட்சத்தில் ஒரு பங்கு. எந்த நாரும் அதற்குள் அசையாது. ஈரமும் தூசியும் துடிப்பு முறிவைப் பெரிதாக மாற்றுவதில்லை என்பதற்குக் காரணம் இதுதான். துடிப்பின்போது திரவமே தன் குணத்தைக் காட்டுகிறது.

சும்மா_ஒரு_வாசகர்

நான் மின்துறை ஆள் இல்லை. குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 5 மைக்ரோநொடியில் எண்ணெய்க்குள் என்னதான் நடக்கிறது? காற்றில் மின்னல் வெட்டுவது போலவா?

அலைமுகம்

கிட்டத்தட்ட. ஆனால் நடப்பது திரவத்துக்குள் என்பதால் கதை கொஞ்சம் வேறு.

ஊசிமுனை போன்ற கூரான உலோகத்தின் நுனியில் புலம் மிகக் கடுமையாகக் குவிகிறது. அங்கே மூலக்கூறுகள் அயனியாகின்றன, இம்மியளவு திரவம் சூடாகி ஆவியாகிறது. திரவத்துக்குள் ஒரு நுண்ணிய வாயு இழை பிறக்கிறது. அதன் நுனி தானே அடுத்த ஊசியாகிவிடுகிறது: முன்னால் உள்ள திரவத்தை அயனியாக்கி நீள்கிறது, கிளைக்கிறது. இதைத்தான் ஸ்ட்ரீமர் என்கிறோம். எதிர் மின்வாயை எட்டிவிட்டால் முறிவு. வழியிலேயே நின்றுவிட்டால் சில குமிழிகள், துளி வாயு, அவ்வளவுதான்.

முக்கியமானது வேகம். ஆய்வுகளில் நான்கு வகை வேகங்களைப் பிரித்துச் சொல்வார்கள். முதல் வகை நொடிக்கு 100 மீட்டர் அளவில் ஊர்கிறது. இரண்டாவது நொடிக்குச் சில கிலோமீட்டர். கனிம எண்ணெயில் 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெயில் ஒலியே நொடிக்குச் சுமார் 1.4 கிலோமீட்டர்தான் போகும், ஆகவே இது ஒலியை முந்துகிறது. மூன்றாவது பத்து, இருபது கிலோமீட்டர். நான்காவது 100 கிலோமீட்டருக்கும் மேல். அது போனபின் படத்தில் ஒன்றிரண்டு பளீரென்ற கோடுகள்தான் மிஞ்சும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 90 மில்லிமீட்டரை இரண்டாம் வகை ஸ்ட்ரீமர் கடக்க 45 மைக்ரோநொடி வேண்டும். அதற்குள் 1.2/50 அலை ஏறக்குறைய பாதியாக இறங்கியிருக்கும். பெரும்பாலும் நடுவழியில் மூச்சு வாங்கி நின்றுவிடும். நான்காம் வகைக்கு ஒரு மைக்ரோநொடி போதும்.

தாமிரச்சுருளின் அலை 5 மைக்ரோநொடியில் விழுந்திருக்கிறது. 90ஐ 5ஆல் வகுத்தால் நொடிக்கு 18 கிலோமீட்டர். அலை தொடங்கிய கணத்திலேயே ஸ்ட்ரீமர் பிறந்திருக்காது, ஆகவே உண்மை வேகம் இதைவிடக் கூடுதல். மெதுவாக ஊர்ந்து போய் உடைத்த ஆள் இல்லை இவர்.

வடிவமைப்பாளன்

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கரிக்கோடு பிரெஸ்போர்டின் மேல் இருக்கிறது என்கிறார். திடப் பரப்பின் மேல் ஓடும் ஸ்ட்ரீமருக்கு வேறு நடை உண்டு. தனித் திரவத்தில் அளந்த வேகங்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது.

இன்னொன்று. கனிம எண்ணெயின் மின்காப்பு மாறிலி (மின்புலத்தை எவ்வளவு தணிக்கிறது என்பதன் அளவு) 2.2, எஸ்டருடையது சுமார் 3.2, எண்ணெய் ஊறிய பிரெஸ்போர்டு 4.4 அளவில். எஸ்டர் பிரெஸ்போர்டுக்கு நெருக்கமாக இருப்பதால் திரவத்தின் மேல் விழும் அழுத்தம் குறைய வேண்டும். அப்படியானால் எஸ்டரில் நிலைமை மேம்பட்டிருக்க வேண்டும், மோசமாகக் கூடாது. இதற்கு என்ன பதில்?

அலைமுகம்

பரப்பைப் பற்றிச் சொன்னது நியாயம். 18 என்பதைச் சராசரியாக மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மின்காப்பு மாறிலி விஷயமும் சரிதான், ஆனால் எங்கே என்பது கேள்வி. சுருளுக்குள் திரவமும் தகடும் மாறி மாறி அடுக்கியிருக்கும் சிறு இடைவெளிகளில் நீங்கள் சொல்வது நடக்கும். அங்கே புலம் சீராக இருக்கும். ஸ்ட்ரீமர் பிறப்பதுதான் கடினம், பிறந்தால் கடக்க வேண்டிய தூரம் சில மில்லிமீட்டர். அந்த இடங்களில் எஸ்டரும் கனிம எண்ணெயும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

லீட் கம்பி வெளியே வரும் இடம் அப்படியா? திறந்த திரவம், நீண்ட தூரம், எங்காவது ஒரு கூர்முனை. அங்கே பிறப்பது சுலபம். வெற்றி தோல்வியை ஓட்டம்தான் தீர்மானிக்கிறது.

வேதியியல்_பித்தன்

ஆகா, என் ஊருக்குள் வந்துவிட்டீர்கள்! தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும்.

ஸ்ட்ரீமர் மெதுநடையிலிருந்து திடீரென வேகநடைக்குத் தாவும் ஒரு மின்னழுத்தம் உண்டு. முடுக்க மின்னழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். கனிம எண்ணெயில் இடைவெளி நீளும்போது இது முறிவு மின்னழுத்தத்துக்கு வெகு மேலே இருக்கிறது. அதாவது முறிவு ஏற்பட்ட பின்னும், மேலும் நிறைய ஏற்றினால்தான் வேகநடை வரும். எஸ்டரில் இரண்டும் ஏறக்குறைய ஒட்டியே இருக்கின்றன. எஸ்டரில் முறிகிறது என்றாலே வேகநடை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஏன்? கனிம எண்ணெயில் கொஞ்சம் பல்வளைய அரோமேட்டிக் சேர்மங்கள் கலந்திருக்கின்றன. அவற்றின் அயனியாக்கும் ஆற்றல் குறைவு, சட்டென்று எலக்ட்ரானை விட்டுவிடும். இதைக் கேட்டால் எண்ணெய் பலவீனமாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. நடப்பது தலைகீழ். சுலபமாக அயனியாவதால் ஸ்ட்ரீமர் எல்லாப் பக்கமும் கிளை விடுகிறது, புதர் மாதிரி ஆகிறது. புதரின் ஒவ்வொரு கிளையும் பக்கத்துக் கிளையின் புலத்தை மறைக்கிறது. எந்த ஒரு நுனியிலும் வேகநடைக்குத் தேவையான புலம் சேர்வதில்லை. எஸ்டரில் அந்தச் சேர்மங்கள் இல்லை. கிளைகள் குறைவு, இருக்கிற நுனியில் புலம் முழுக்கக் குவிகிறது, ஈட்டி போலப் பாய்கிறது.

ஊகமாகச் சொல்லவில்லை. சைக்ளோஹெக்சேன் என்ற எளிய திரவத்தில், பல்வளைய அரோமேட்டிக் சேர்மமான பைரீனைச் சிறிதளவு கலந்து பார்த்திருக்கிறார்கள். கிளைகள் பெருகின, முடுக்க மின்னழுத்தம் ஏறியது.

தாமிரச்சுருள்

அப்படியென்றால் எஸ்டரிலும் பைரீனைக் கலந்துவிட்டால்?

வேதியியல்_பித்தன்

எல்லாரும் கேட்கும் கேள்வி. இந்தக் குடும்பத்துச் சேர்மங்களில் சில புற்றுநோய் தருபவை. அதனால்தான் ஐஇசி 60296 புதிய கனிம எண்ணெயிலேயே அவற்றுக்கு 3 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. தாவர எண்ணெயிலிருந்து எடுத்தது, மண்ணில் சிந்தினால் மட்கும் என்று சொல்லி எஸ்டரை விற்கிறோம். அதில் இதைக் கொண்டுபோய்க் கலப்பதா? ஆய்வுக் குப்பியோடு நிறுத்திக்கொள்வோம்.

எண்ணெய்க்காரர்

அதிகமாகச் சுத்திகரித்து அரோமேட்டிக்கை எல்லாம் நீக்கிய கனிம எண்ணெய்க்கும் இந்தப் பேச்சு பொருந்தும். புட்டியில் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், எல்லாரும் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்து மெச்சுவார்கள். ஸ்ட்ரீமருக்கும் அது பிடிக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள் தாமிரச்சுருள். உங்கள் பழைய மின்மாற்றிகளில் ஸ்ட்ரீமரே பிறக்கவில்லை என்று யார் சொன்னது? அதே கூர்முனை, அதே 650 கிலோவோல்ட். பிறந்திருக்கலாம், 20 மில்லிமீட்டரோ 30 மில்லிமீட்டரோ ஊர்ந்து, அலையின் வால் இறங்கியதும் செத்திருக்கலாம். 'தேறியது' என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். எஸ்டர் புதிதாக எந்தக் குறையையும் கொண்டுவரவில்லை. இருந்ததை மன்னிக்கவில்லை.

வடிவமைப்பாளன்

சரி, இந்த இடத்தில் நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் திரவம் தேர்ந்தெடுக்கும்போது தரவுத்தாளில் துடிப்பு முறிவு மின்னழுத்தமும் கொடுத்திருந்தார்களே. ஐஇசி 60897 முறை, ஊசி–கோளம். எஸ்டருக்கும் கனிம எண்ணெய்க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதை நம்பித்தானே முடிவெடுக்கிறோம்?

அலைமுகம்

அதில் இடைவெளி 25 மில்லிமீட்டர். 2 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் பன்னிரண்டரை மைக்ரோநொடியில் கடந்துவிடலாம். மெதுநடைக்கும் போதிய நேரம் இருக்கிறது, வேகநடைக்கும் இருக்கிறது. ஆமையும் முயலும் இரண்டு அடி தூரம் ஓடினால் யார் வேகம் என்று எப்படித் தெரியும்? தூரம் நீள நீளத்தான் இரண்டு திரவங்களுக்கும் இடையே உள்ள பிளவு விரிகிறது. உங்கள் இடைவெளி 90.

வெட்டு அலையை, அதாவது பாதியில் திடீரென வெட்டி விழவைக்கும் சோதனைத் துடிப்பை, நினைத்தால் இன்னும் தெளிவாகும். அது அதிகபட்சம் 6 மைக்ரோநொடிக்குள் வெட்டப்படுகிறது. 2 கிலோமீட்டர் வேக ஸ்ட்ரீமர் அதற்குள் அதிகபட்சம் 12 மில்லிமீட்டர் போகும். நீண்ட இடைவெளியில் வெட்டு அலையால் முறிவு வந்தால் வேகநடையைத் தவிர வேறு யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. அந்த அலையின் உச்சமோ முழு அலையைப் போல 1.1 மடங்கு. நல்லவேளை, உங்கள் மின்மாற்றி அதுவரை போகவே இல்லை.

தாமிரச்சுருள்

எல்லாருக்கும் நன்றி. ஒன்று மட்டும் இடிக்கிறது. நான் படித்த வரையில் கூர்முனை நேர்மின்வாயாக இருந்தால்தான் ஸ்ட்ரீமர் குறைந்த மின்னழுத்தத்தில், வேகமாக ஓடும். எதிர்மின் ஸ்ட்ரீமர் சோம்பேறி. எங்கள் துடிப்பு எதிர்மின் துடிப்பு. லீட் கம்பி எதிர்மின்வாய். அங்கிருந்து கிளம்பியது எப்படி இவ்வளவு வேகமாக ஓடியது?

எண்ணெய்க்காரர்

தம்பி, இந்தக் கேள்வியை முதல் பதிவிலேயே கேட்டிருக்க வேண்டும்!

திரவ மின்மாற்றிகளை எதிர்மின் துடிப்பால் சோதிப்பது, வெளியே காற்றில் புஷ்ஷிங் (கம்பி தொட்டியை விட்டு வெளியேறும் மின்காப்புக் குழல்) மேல் கண்டபடி தீப்பொறி பாயும் ஆபத்தைக் குறைக்கத்தான். தொட்டிக்குள் இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லீட் கம்பி −650 என்றால், எதிரே நிலத்தோடு இணைந்த இரும்புச் சட்டம் அதைப் பொறுத்தவரை என்ன? நேர்மின்வாய். அந்தச் சட்டத்தில் கூரான எதுவாவது கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கிருந்து கிளம்புவது நேர்மின் ஸ்ட்ரீமர்.

நீங்கள் எல்லாரும் காகிதத் துளையைப் பார்த்து, கம்பியில் தொடங்கிச் சட்டத்தில் முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். காகிதம் சுற்றிய கம்பி உருண்டையானது, உறை போட்டது. எதிரே என்ன இருக்கிறது? படத்தை மறுபடி பாருங்கள். மரத்துக்கு அடி எது, நுனி எது?

அலைமுகம்

சேர்த்துச் சொல்கிறேன்: அடிமரம் தடித்து ஒற்றையாக இருக்கும், கிளைகள் போகிற திசையில் விரியும். முறிவுக்குப் பின் வரும் பெருமின்னோட்டம் ஒரு கிளையை மட்டும் தேர்ந்தெடுத்து எரித்துவிடும். அந்தத் தடித்த கோட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். பக்கவாட்டில் செத்துப்போன மெல்லிய கிளைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். உருப்பெருக்கி இருந்தால் நல்லது.

தாமிரச்சுருள்

தொழிற்சாலைக்குப் போய்த் தகட்டையே எடுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன். மன்னிக்கவும், கொஞ்ச நேரம் எடுத்தது.

கிளைகள் கம்பியை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. சந்தேகமே இல்லை. கம்பியின் பக்கம் மயிரிழை போலப் பதினொரு கிளை எண்ணினேன். சட்டத்தின் பக்கம் ஒரே கோடு.

அந்தக் கோடு முடியும் இடத்தில் சட்டத்தை இறுக்கும் போல்ட் ஒன்று. நட்டைத் தாண்டி மூன்று மரை அளவுக்கு வெளியே நீண்டிருக்கிறது. உறை இல்லை, மூடி இல்லை, வெறும் இரும்பு. கடைசி மரையின் விளிம்பை விரல் நகத்தால் வருடினேன். ஓரிடத்தில் நகம் வழுக்கியது. உருப்பெருக்கியில் பார்த்தால் அங்கே உலோகம் உருகி மணி போல உருண்டிருக்கிறது, ஊசிமுனை அளவுதான்.

நாங்கள் இரண்டு நாளாகக் கம்பியைச் சுற்றியே நின்றிருந்தோம்.

வடிவமைப்பாளன்

என் வரைபடங்களிலும் அந்த இடத்தில் போல்ட்தான் இருக்கிறது. நீளம் எவ்வளவு என்று குறித்ததே இல்லை, கிடங்கில் எது கிடைக்கிறதோ அதைப் போடுவார்கள். இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

தாமிரச்சுருள், தகடு எப்படி நிற்கிறது? கம்பிக்கும் போல்ட்டுக்கும் நடுவே குறுக்காகவா, அல்லது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீளவாக்கிலா?

தாமிரச்சுருள்

நீளவாக்கில். கம்பியைத் தாங்கும் பிடிமானத்தின் ஒரு பகுதி அது.

வடிவமைப்பாளன்

அப்படியானால் அது சுவர் வேலை செய்யவில்லை, சாலை போட்டுக் கொடுத்திருக்கிறது.

நான் செய்தால் இப்படிச் செய்வேன். போல்ட்டின் நீளத்தை நட்டோடு முடித்து, மேலே குவிந்த மூடி நட்டு போடுவேன், வழவழப்பான விளிம்போடு. சட்டத்தின் அந்த மூலையை உருட்டிவிட்டு, மேலே காகிதம் ஒட்டிய பிரெஸ்போர்டு தொப்பி. பிறகு 90 மில்லிமீட்டரைக் குறுக்குத் தகடுகள் வைத்து மூன்றாகப் பிரிப்பேன். தகட்டின் ஓரம் இரு பக்கமும் தாராளமாக நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்ட்ரீமர் சுற்றிக்கொண்டு வந்துவிடும். நீளவாக்குப் பிடிமானத்தை அந்த இடத்திலிருந்து நகர்த்தத்தான் வேண்டும். கம்பிக்குக் கூடுதல் காகிதம் சுற்றுவதால் பெரிதாக எதுவும் ஆகாது. ஸ்ட்ரீமர் பிறக்கும் இடம் அது இல்லை.

குறுக்குத் தகடு வைக்கும்போது திரவ ஓட்டத்தையும் கணக்கில் எடுங்கள். எஸ்டரின் பாகுத்தன்மை 40 டிகிரியில் கனிம எண்ணெயைப் போல மூன்று மடங்குக்கு மேல். நெருக்கிவிட்டால் சூடு தேங்கும்.

சும்மா_ஒரு_வாசகர்

கேட்கத் தயக்கமாக இருக்கிறது. இவ்வளவு தொல்லை என்றால் எஸ்டரை ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்?

வேதியியல்_பித்தன்

இயற்கை எஸ்டரின் தீப்பற்று வெப்பநிலை 300 டிகிரிக்கு மேல். கனிம எண்ணெய் 170 அளவிலேயே பற்றிக்கொள்ளும். ஆட்கள் நடமாடும் கட்டடத்துக்கு உள்ளே மின்மாற்றி வைக்க வேண்டியிருந்தால் நான் ஒரு கணமும் யோசிக்க மாட்டேன். நீண்ட இடைவெளியை அதன் குணத்துக்கு ஏற்ப வடிவமைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தாமிரச்சுருள்

மேலாளரிடம் தகட்டையும் உருப்பெருக்கியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்து நிமிடம் பேசவில்லை. பிறகு மற்ற இரண்டு கட்டங்களிலும் (ஃபேஸ்களிலும்) அதே போல்ட் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்து வரச் சொன்னார். ஒன்றில் இரண்டு மரை, மற்றொன்றில் நான்கு.

வடிகட்டலும் நடக்கிறது. அதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

எண்ணெய்க்காரர்

நடக்கட்டும். முறிவில் உண்டான கரித்துகளும் அசிட்டிலீனும் உள்ளே இருக்கின்றன, எப்படியும் எடுக்கத்தான் வேண்டும்.

அந்த போல்ட்டைக் கழற்றி ஓர் உறையில் போட்டு, எந்தக் கட்டம், எந்தப் பக்கம் என்று எழுதி உங்கள் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றே செய்யுங்கள். நாளை காலை யாராவது அரத்தோடு வந்து நல்லெண்ணத்தில் அதைத் தேய்த்து வழவழப்பாக்கிவிடுவார்கள்.